சீமெந்துக் குற்றிகள்

வெள்ளைக்குடா,
கற்பிட்டி.
12.09.2013

சேசு மரி சூசை

அன்புள்ள டிலுக்ஷி அப்பாவுக்கு,

தலவில அன்னம்மாளின் புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் சுகம். உங்களுக்கும், நீங்கள் பராமரிக்கும் அந்தக் கிழவருக்கும் சேர்த்தே மெழுகுதிரி கொளுத்துகிறேன். அவர் சுகமாக இருந்தால்தானே உங்களுக்கு வேலை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, "கிழவர் முழிச்சிட்டார், பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்தப் பிறகு அடுத்த ஞாயிறுதான் வருகிறது. கடிதத்தை நடுவில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் அந்தச் சென்றியைப் பற்றி. எங்கள் காணி முனையில், கடற்கரைப் பாதை திரும்பும் இடத்தில் நேவிக்காரர் கட்டிய காவல் சென்றி. சண்டை முடிந்து அவர்கள் போனபோது கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தென்னங்குற்றிகளும் மண்மூட்டைகளும் அப்படியே கிடக்கின்றன. மூட்டைகள் கிழிந்து மண் கொட்டி, மேலே அடம்பன்கொடி படர்ந்துவிட்டது. போன மாரியில் ஒரு பெட்டைநாய் உள்ளே குட்டி போட்டது.

மருமகன் கிளைட்டன் வேலை செய்யும் ஹோட்டலுக்கு, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகையில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் அந்தப் பக்கம் நடந்துபோகும்போது இது என்ன என்று கேட்கிறார்களாம். கிளைட்டனுக்கு அதைத் திருத்தி, முந்தி இருந்தது போலவே கட்டி, ஆட்களுக்குக் காட்ட விருப்பம். "விட்டா உக்கிப்போயிரும் மாமி. பழசப் பழசாக் காட்டவேணுமெண்டாப் புதுசாத்தான் கட்டவேணும்" என்கிறார். நான் சிரித்துவிட்டேன். காணி உங்கள் பேரில் இருப்பதால் உங்களிடம் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். இனி உங்கள் சொல்.

இன்னொன்று. சென்றியில் ஆள் இல்லாமல் இவ்வளவு காலம் ஆகியும் எங்கள் ஊர்ச் சனம் அந்தத் திருப்பத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறது. தில்லையடியிலிருந்து மீன் எடுக்க வரும் முஸ்லிம் நானா மோட்டார் சைக்கிளையே அணைத்துத் தள்ளுகிறார். "ஏன் நானா இன்னும் இறங்கிறீங்க?" என்று கேட்டேன். "காலு கேக்குதில்ல தங்கச்சி" என்றார். நானும் அப்படித்தான் போகிறேன்.

குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
அனஸ்தாசியா


மெசினா, இத்தாலி.
20.10.2013

அன்பின் அனஸ்தாசியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். கிழவருக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. டிவியை ஊரே கேட்கும்படி வைத்திருக்கிறார்.

மருமகனிடம் சொல், திருத்துவதற்கு என் காணியில் ஒன்றும் இல்லை. உடைக்கச் சொல். உடைத்து, குற்றிகளை அள்ளிக் கொளுத்தச் சொல்.

அந்தக் குற்றிகள் எங்கிருந்து வந்தன என்று கிளைட்டனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். என்ரை அப்பா வைத்த தென்னைகள். நான் அரைக்காற்சட்டையோடு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. ஒரு காலையில் வந்து வெட்டினார்கள். வெட்டிய குற்றிகளை என்னையே தூக்க வைத்துக் குழியில் இறக்கினார்கள். எனக்குக் காவல் வைக்க என் மரம், என் தோள்.

நீ எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். காற்று மாறிக் கரைபிடிக்கப் பிந்திய அந்த நாள். கடலுக்குப் போக நேவி தந்த பாஸில் போட்டிருந்த நேரம் தாண்டிவிட்டது. போட்டிலிருந்து கழற்றிய எஞ்சின் தோளில் இருக்கும்போதே காவலுக்கு நின்ற நேவிக்காரன் என்னைச் சென்றிக்கு முன்னால் நிறுத்தினான். இறக்கிவைக்க விடவில்லை. அவன் "யன்ன", போ என்று சொன்னால்தான் அசையலாம். அவன் சொல்லவில்லை. சிகரெட் பற்றவைத்தான், மற்றவனோடு கதைத்தான், கடலைப் பார்த்தான். டிலுக்ஷி எனக்குத் தேத்தண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து வேலிக்குள் நின்றாள். "வீட்ட போ மகள்" என்று சொல்லக்கூட நான் வாய் திறக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்த பார்வைக்குத்தான் நான் இத்தாலிக்கு ஓடிவந்தேன். கடலில் மீன் இல்லை என்று ஊருக்குச் சொன்னது சும்மா கதை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. எனக்கு விசாப் பேப்பர் சரியாகிவிட்டது. இனி வந்துபோகலாம். ஆவணித் திருநாளுக்குத் தலவிலக் கோயிலில் உன்னோடு நிற்பேன். அதற்குள் அந்த இடம் வெறும் மணலாக இருக்க வேண்டும். அது அங்கே நின்றால் நான் அந்தப் பாதையால் வரமாட்டேன். வேறு பாதையும் எங்கள் வீட்டுக்கு இல்லை.

பஸ்தியான்


வெள்ளைக்குடா.
05.12.2013

சேசு மரி சூசை

அன்புள்ள டிலுக்ஷி அப்பாவுக்கு,

நீங்கள் வரப்போகிறீர்கள் என்று வாசித்ததும் கடிதத்தோடு பின்காணி றஹ்மத் உம்மா வீட்டுக்கு ஓடினேன். வேறு யாரிடம் சொல்ல? டிலுக்ஷி கலியாணம் கட்டிக் கற்பிட்டிக்குப் போனபிறகு இந்த வீட்டில் நானும் கோழிகளும்தான். றஹ்மத் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ் கொண்டுவந்து சேப்பான் புள்ள" என்றார். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம்.

கிளைட்டனிடம் உங்கள் சொல்லைச் சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போனது. "சரி மாமி" என்றார்.

ஆனால் உடைக்க ஆள் பிடிக்கவில்லை. கோபிக்காமல் வாசியுங்கள். உங்களிடம் மறைத்து வைத்து எனக்குப் பழக்கமில்லை.

நீங்கள் போன பிறகு அந்தச் சென்றி எனக்குத் துணையாக இருந்தது. அவர்கள் உங்களுக்குச் செய்தது எனக்குத் தெரியாததா? அன்று உங்கள் தோளுக்கு எண்ணெய் பூசியது நான்தானே. ஆனாலும் வயதுக்கு வந்த பிள்ளையோடு நான் தனியே இந்தக் கடற்கரையில் கிடந்தபோது, குசினி யன்னலைத் திறந்தால் அங்கே ஒரு லாம்பு வெளிச்சம். யாரோ இருமுவான். ஒரு பொடியன் இருந்தான், சரியான இருமல்காரன். மல்லி அவித்துக் கொடுக்கலாமோ என்றுகூட நினைத்திருக்கிறேன், கொடுக்கவில்லை. எனக்கு ஒன்று நடந்தால் கத்தினால் கேட்பதற்கு ஒருத்தன் முழித்திருக்கிறான் என்று படுத்துத் தூங்கினேன். நேவி போன அன்று ஊரே சந்தோஷப்பட்டது. நானும் பால்சோறு சமைத்தேன். பின்னேரம் லாம்பு எரியவில்லை. எனக்குத் தனிமை என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. அதுவரை நீங்கள் இல்லாததைத்தான் தனிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்காகத் திருத்திக் கட்டச் சொல்லவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா விடுவோம். குற்றிகள் விரல் பட்டால் உதிர்கின்றன, உள்ளே முழுக்கக் கறையான். ஒன்றிரண்டு மாரி போனால் தானாக மணலோடு மணலாகிவிடும். அது தன்பாட்டில் போனால் எனக்கும் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

நத்தாருக்குப் பலகாரம் சுட்டு, அங்கேயிருந்து லீவில் வந்த வென்னப்புவப் பொடியனிடம் கொடுத்துவிடுகிறேன். பத்திரமாக எடுத்துச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
அனஸ்தாசியா


மெசினா.
02.02.2014

அன்பின் அனஸ்தாசியாவுக்கு,

பலகாரம் வந்தது. கொக்கிஸ் எல்லாம் தூள். தூளையும் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் கெட்ட பேச்சுத்தான் எழுதியிருப்பேன். அதனால் தை மாதம் முழுக்கச் சும்மா இருந்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. நான் இங்கே யாரோ ஒரு கிழவருக்குக் காவல் இருக்க, என் பெண்சாதிக்கு என்னை நிறுத்திவைத்தவன் காவலாம். அந்த வரியை வாசித்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றேன்.

பிறகு ஒருநாள் கிழவர் தூக்கத்தில் கையை நீட்டித் தடவினார். என் கை பட்டதும் திரும்பிப் படுத்தார். என் பேரைக்கூட அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. யாரோ ஒருத்தன் இருந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது போல. நீ எழுதியது அப்போது கொஞ்சம் விளங்கியது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

சரி. உன் விருப்பப்படி கிடக்கட்டும். உடைக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். ஆனால் ஒருவரும் அதில் கை வைக்கக்கூடாது, நான் வரும்வரை. அவ்வளவு உக்கியிருந்தால் நான் வந்து ஒரு உதை விடுகிறேன். மிச்ச உதையை நீ விடு. பிறகு அதே இடத்தில் இருந்து தேத்தண்ணி குடிப்போம். ஆனைமாதிரி மனுசன் சென்றியை உதைக்கிறான் என்று ஊர் சிரிக்கட்டும்.

உக்கிப்போனதைப் பார்த்தால் எனக்கு அந்தப் பாதையால் வரலாம். அது மட்டும் எனக்குத் தெரியும்.

பஸ்தியான்


வெள்ளைக்குடா.
24.06.2014

சேசு மரி சூசை

அன்புள்ள டிலுக்ஷி அப்பாவுக்கு,

முதலில் சந்தோஷம். பேத்தி சுகம், டிலுக்ஷி சுகம். போனில் நீங்கள் பிள்ளையின் அழுகையைக் கேட்டு அழுததை டிலுக்ஷி எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். உங்கள் நெற்றி அப்படியே இருக்கிறது.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்லத்தான் இருந்தேன். நீங்கள் திருநாளுக்கு வாங்கிய நீலச் சட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினீர்கள். எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளைப்பேற்றுக்காக நான் புத்தளம் ஆஸ்பத்திரியிலும் பிறகு டிலுக்ஷி வீட்டிலுமாக நின்ற நாட்களில் கிளைட்டன் சென்றியைக் கட்டிவிட்டார். நான் திரும்பி வந்து பார்த்தபோது அடம்பன்கொடி இல்லை. உங்கள் அப்பாவின் குற்றிகள் இல்லை. அவற்றை வெட்டி எடுத்து எரித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கம்பி வைத்துச் சீமெந்தில் குற்றி வார்த்து, தென்னைமரம் போல வரி போட்டுப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். தொட்டால்தான் தெரியும்.

கேட்டேன். சத்தம் போட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "மாமா உக்கிக்கிடக்கிறதத்தானே பாக்க ஏலாதெண்டார். இப்ப எவ்வளவு வடிவா இருக்கு. வந்து பாத்தாரெண்டாச் சந்தோஷப்படுவார்" என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சண்டை நடந்த காலத்தில் அவர் சிலாபத்தில் பள்ளிக்கூடப் பொடியன். சென்றியென்றால் அவருக்குப் படம் எடுக்கிற இடம். நாங்களும் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லிவைக்கவில்லையே.

அது மட்டுமென்றாலும் பரவாயில்லை. உள்ளே ஒரு ஆளையும் நிறுத்தியிருக்கிறார். பொம்மை. துணிக்கடையில் சட்டை போட்டு நிறுத்துவார்களே, அது. நீலச் சட்டை தைத்துப் போட்டு, கையில் மரத் துவக்கு. முகம் சிரித்தபடி, கன்னத்தில் ரோஸ் பவுடர் நிறம். "சிரிக்கிற முகம் மாமி, ஒருத்தரும் பயப்படமாட்டாங்க" என்கிறார். வெள்ளைக்காரர்கள் அதற்கு முன்னால் கையை உயர்த்திக்கொண்டு நின்று படம் எடுக்கிறார்கள். பின்னேரமானால் ஒரே சிரிப்பும் சத்தமும்.

வெட்கத்தை விட்டு ஒன்று எழுதுகிறேன். முதல் நாள் பின்னேரம் குசினி யன்னலால் பார்த்தபோது அங்கே யாரோ நிற்பது தெரிந்தது. பொம்மையென்று தெரிந்தும் ஒரு கணம் என் நெஞ்சு ஆறிவிட்டது. அடுத்த கணம் உங்களை நினைத்தேன். நெருப்பில் கை வைத்தது போல இருந்தது.

திருநாளுக்கு முன்னால் பொம்மையை எடுத்துவிடுவதாகக் கிளைட்டன் டிலுக்ஷியின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறார். மிச்சத்தை நீங்கள் வந்து என்ன சொல்கிறீர்களோ அது. வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். கட்டுநாயக்காவுக்கு நான் வருகிறேன். பாதையில் உங்களோடு கூடவே நடந்து வருகிறேன்.

உங்கள்,
அனஸ்தாசியா


மெசினா.
30.07.2014

அனஸ்தாசியாவுக்கு,

உன் கடிதம் என் கதவுக்கடியில் கிடந்தது. நேற்றுத்தான் பார்த்தேன். நான் இங்கே இல்லை. நான் அங்கே வந்திருந்தேன்.

கிழவரின் பிள்ளைகள் அவரை மலைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனதால் எனக்கு நினைத்ததைவிட முந்தியே லீவு கிடைத்தது. உனக்குச் சொல்லாமல் வந்து குசினி வாசலில் நிற்கவேண்டும் என்று ஒரு ஆசை. இந்த வயதில் எனக்கு அந்தக் குசும்பு தேவையா? தலவிலச் சந்தியில் இறங்கி மரியநாயகம் அண்ணரிடம் சைக்கிளை இரவல் வாங்கினேன். ஒருத்தருக்கும் சொல்லாதே என்று சொன்னேன். அவர் சிரித்தபடி மணியை அடித்துக் காட்டினார்.

பின்னேரம். கடல் நல்ல அமைதி. தாழம்பற்றை தாண்டித் திருப்பம் வந்தபோது என் கால் தானாக நிலத்தில் ஊன்றியது. நான் இறங்கிவிட்டேன். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் நின்றான்.

புதுக் குற்றிகள், புதுத் தகரம், உள்ளே நீலச் சட்டையும் துவக்கும். நான் சைக்கிளைச் சாய்த்தேன். பையைக் கீழே வைத்தேன். பொக்கற்றிலிருந்து பாஸ்போட்டை எடுத்து இரண்டு கையையும் உயர்த்தினேன். அவன் "யன்ன" என்று சொல்லவேண்டும். சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. குசினியில் நீ அங்கும் இங்கும் போவது யன்னலில் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. அன்றைக்கு மகளைக் கூப்பிடாதது போலவே.

அப்போது ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்தது. அவர்கள் அவனைப் படம் எடுத்தார்கள். பிறகு என்னைப் படம் எடுத்தார்கள். நானும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்திருக்கவேண்டும். அந்தப் பெண் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். பொம்மை என்று தெரிந்தது.

தெரிந்த பிறகும் எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை. இதை நீ நம்பவேண்டும். எத்தனையோ தரம் எத்தனித்தேன். கால் வரவில்லை. நீதான் இதைக் கட்டவிட்டாய் என்றும் நினைத்தேன். துணைக்கு ஒருத்தன் வேண்டும் என்று எழுதியவள்தானே என்று நினைத்தேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய் அன்னம்மாள் கோயில் மடத்தில் கிடந்தேன். அடுத்த நாள் கொழும்புக்குப் போய் ரிக்கற்றை மாற்றினேன். பேத்தியையும் பார்க்கவில்லை.

இப்போது உன் கடிதத்தை வாசித்துவிட்டேன். உன்மேல் பிழை இல்லை. கிளைட்டன்மேலும் இல்லை. இனி வரமாட்டேன் என்று நான் எழுதவில்லை. எப்படி வருவதென்று எனக்குத் தெரியவில்லை, அதுதான்.

பஸ்தியான்


வெள்ளைக்குடா.
24.08.2014

சேசு மரி சூசை

என்ரை ராசாவுக்கு,

டிலுக்ஷியின் அப்பா என்று எழுத இன்று மனம் வரவில்லை. கலியாணமான புதிதில் கூப்பிட்டது போலவே கூப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் போன் எடுப்பதில்லை. அதனால் ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. திருநாளுக்கு முந்திய நாள் கட்டுநாயக்காவில் உங்கள் விமானம் என்று நினைத்த விமானத்துக்குப் போய் நின்றேன். கடைசி ஆள் வெளியே வரும்வரை நின்றேன். வீட்டுக்கு வந்தால் மரியநாயகம் அண்ணர் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஏனென்று உங்கள் கடிதம் வந்தபிறகுதான் விளங்கியது.

நீங்கள் சென்றிக்கு முன்னால் நின்ற அந்தப் பின்னேரம் நான் உங்களைப் பார்த்தேன்.

இதை எழுதாமல் விட்டால் நான் செத்துப்போவேன். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். யன்னலால் பார்த்தபோது பொம்மைக்கு முன்னால் ஒரு ஆள் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர்களோடு வந்த யாரோ படத்துக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். நெடுநேரம் நின்றார். "இவர் நல்லா நடிக்கிறார்" என்று கோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். பிறகு யன்னலைச் சாத்திவிட்டுக் கறியைப் பார்க்கப் போனேன். ஒன்பது வருஷமாகப் பாதையைப் பார்த்திருந்தவள், நீங்கள் வந்து நின்றபோது சிரித்துவிட்டு யன்னலைச் சாத்தினேன்.

சத்தியம் பண்ணியும் கிளைட்டன் நாளை நாளையென்று விட்டிருந்த பொம்மையை, உங்கள் கடிதம் வந்த அன்றே தூக்கிக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போட்டேன். கோடரியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். பழைய குற்றிகளாக இருந்திருந்தால் ஒரு உதை போதும். நீங்கள் பாதியும் நான் பாதியும் உதைப்பதாக இருந்தது. இது சீமெந்து. கோடரி தெறித்துக் கையில் பட்டதுதான் மிச்சம். ஒரு துண்டுகூடக் கழலவில்லை. மருமகன் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார். சத்தம் கேட்டு அவர் ஓடிவந்தார். உங்கள் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு அந்தப் பெரிய மனுசன் மணலில் இருந்து அழுதார். உடைக்க மெஷின் கொண்டுவருவதாகச் சொன்னார். கட்டக் காசு போட்ட ஹோட்டல்காரர் விடமாட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. வரும் ஆட்களுக்கு அதைக் காட்டுவதாக அவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்களாம். வழக்கு, அரசாங்கக் கச்சேரி என்று அது இழுபடும். இழுபடட்டும்.

நான் வேறொன்று செய்தேன். எங்கள் வீட்டுக்கு வேறு பாதை இல்லை என்று எழுதியிருந்தீர்களே. றஹ்மத் உம்மாவிடம் போய் அவருடைய காணிக்குள்ளால் ஒரு வழி கேட்டேன். முழுவதும் சொல்லி முடிக்கவில்லை. "வழி கேக்குறதுக்கு இவ்வளவு அழணுமா புள்ள, வெட்டிக்கங்க" என்றார். கிளைட்டனும் நானுமாகப் பின்வேலியை வெட்டி, முள்ளெல்லாம் பொறுக்கி, பள்ளங்களுக்குக் கிரவல் போட்டு நிரப்பினோம். ஒரு படலையும் போட்டாயிற்று. அதைப் பகலிலும் பூட்டுவதில்லை, இரவிலும் பூட்டுவதில்லை.

இன்று காலை டிலுக்ஷி பிள்ளையோடு வந்தாள். அவளைப் பிள்ளையோடு குசினி வாசலில் நிறுத்திவிட்டு, கிளைட்டனின் சைக்கிளை வாங்கி நானே அந்தப் பாதையால் ஓடிப் பார்த்தேன். விழுந்துவிடுவேன் என்று கத்தினாள். விழவில்லை. அந்தப் பக்கத்தால் வந்தால் கடல் தெரியாது, சென்றியும் தெரியாது. மெயின் றோட்டிலிருந்து குசினி வாசல் வரை சைக்கிளில் இருந்தபடியே வரலாம். ஓரிடத்திலும் இறங்கத் தேவையில்லை.

உங்கள்,
அனஸ்தாசியா